நுனாவுட்டில் காட்டுயிர் ஆய்வுக்கு நிதி திரட்ட: முதன்முறை இறங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கனடாவில் உயிரியலோ சூழலியலோ படிக்கும் தமிழ் மாணவர்களில் சிலருக்கு வடக்கே போய்ப் பனிக்கரடி, கரிபூ மான், சீல், நார்வால் என்று ஏதாவது ஒன்றை ஆராய வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. ஆசை வந்தவுடன் எழும் கேள்வி, "எந்த நிதிக்கு விண்ணப்பிப்பது?" அது மூன்றாவதாக வர வேண்டிய கேள்வி. யாருடைய நிலத்துக்குப் போகிறோம், அங்கே முடிவெடுப்பவர் யார் என்பது முதல் கேள்வி. அவர்களுக்கு எதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பது இரண்டாவது. இந்த வரிசையில் போனால் பணமும் கிடைக்கும், கிடைத்த பணத்துக்கு வேலையும் நடக்கும்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்கு அலாஸ்காவில் நடந்த ஒன்றைச் சொன்னால் போதும். 1977 ஜூனில் சர்வதேசத் திமிங்கில ஆணையம் போஹெட் திமிங்கில வேட்டைக்குத் தடை விதித்தது. விஞ்ஞானிகள் போட்ட கணக்கில் திமிங்கிலங்கள் இரண்டாயிரம்கூடத் தேறவில்லை. அந்த வேட்டையை நம்பி வாழும் இன்யூபியாட் மக்கள் அதை ஏற்கவில்லை. "பனிவிளிம்பில் நின்று கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எண்ணுகிறீர்கள். அவை பனிக்கு அடியிலும் போகும், கரையிலிருந்து வெகுதூரம் தள்ளியும் போகும், மெல்லிய பனியை முதுகால் உடைத்து மூச்சு விடும்" என்பது அவர்கள் வாதம். அதே ஆண்டு அவர்கள் அலாஸ்கா எஸ்கிமோ திமிங்கில ஆணையத்தைத் தொடங்கினார்கள். டிசம்பரில் சிறு ஒதுக்கீடு ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் அவர்கள் பகுதியின் நார்த் ஸ்லோப் உள்ளாட்சி அமைப்பே கணக்கெடுப்பைக் கையில் எடுத்துக்கொண்டது. எண்ணெய் நிறுவனங்களிடமிருந்து வந்த சொத்து வரி அதற்கு உதவியது. பனிக்கடியில் ஒலிவாங்கிகளை இறக்கிக் கேட்டபோது, வேட்டைக்காரர்கள் சொன்ன இடத்திலெல்லாம் திமிங்கிலங்கள் பாடிக்கொண்டு போயின. 2011 கணக்கெடுப்பில் எண்ணிக்கை ஏறத்தாழ 17,000. கேள்வியும் மக்களுடையது, பணமும் அவர்கள் கையில் இருந்தது. ஆய்வு சரியான இடத்தைப் பார்த்தது அதனால்தான்.

இந்தக் கட்டுரையில் கனடாவின் வடக்குப் பிரதேசமான நுனாவுட்டை எடுத்துக்கொள்கிறேன். ஆர்க்டிக் பழங்குடிகளான இனுயிட் மக்களின் கனடியத் தாயகமான இனுயிட் நுனங்காட்டில் நான்கு பகுதிகள் உண்டு: இனுவியாலுயிட் பகுதி, நுனாவுட், நுனாவிக், நுனாட்சியாவுட். ஒவ்வொன்றுக்கும் தனி நில உடன்படிக்கை, தனி வாரியங்கள், தனி நடைமுறை. ஒன்றில் கற்ற விதியை இன்னொன்றில் அப்படியே பொருத்த முடியாது.

அங்கே யார் முடிவெடுக்கிறார்கள்

நுனாவுட் உடன்படிக்கை 1993இல் கையெழுத்தானது. 1999 ஏப்ரல் 1 அன்று நுனாவுட் தனிப் பிரதேசமானது. இருபது லட்சம் சதுர கிலோமீட்டர் நிலத்தில் சுமார் 40,000 பேர், 25 ஊர்கள். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சாலை கிடையாது. விமானம், கோடையில் கப்பல், குளிர்காலத்தில் ஸ்கிடூ எனும் பனிமோட்டார் வண்டி. உங்கள் பட்ஜெட் முழுவதையும் தீர்மானிக்கப்போவது இதுதான்.

ஒவ்வோர் ஊரிலும் வேட்டைக்காரர் சங்கம் ஒன்று இருக்கும். அங்கே எல்லோரும் எச்.டி.ஓ. என்றுதான் சொல்வார்கள். ஊர் மக்கள் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழு, சம்பளத்துக்கு ஒரு மேலாளர். அதற்கு மேல் கிகிக்டாலுக், கிவாலிக், கிட்டிக்மியோட் ஆகிய மூன்று வட்டாரங்களுக்கும் காட்டுயிர் வாரியங்கள். எல்லாவற்றுக்கும் மேலே உடன்படிக்கையால் உருவான நுனாவுட் காட்டுயிர் மேலாண்மை வாரியம். எந்த விலங்கை எத்தனை வேட்டையாடலாம் என்பது அங்கே முடிவாகிறது. இந்த அடுக்கில் நீங்கள் முதலில் பேச வேண்டியது கடைசிப் படியில் இருக்கும் ஊர்ச் சங்கத்துடன்.

முதல் வேலை: ஊர்ச் சங்கத்துடன் பேசுவது

விண்ணப்பக் கெடுவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது "ஆதரவுக் கடிதம் தாருங்கள்" என்று மின்னஞ்சல் அனுப்புவது வடக்கே எல்லோருக்கும் அலுத்துப்போன பழக்கம். அந்தக் கடிதம் கிடைத்தாலும் அதற்கு மதிப்பில்லை. கெடுவுக்கு ஓராண்டு முன்பே தொடங்குங்கள்.

முதலில் தொலைபேசி. மின்னஞ்சலுக்குப் பதில் வராவிட்டால் மறுத்துவிட்டார்கள் என்று பொருளில்லை. மேலாளர் ஒருவரே தோல் விற்பனை, வேட்டை ஒதுக்கீட்டுக் கணக்கு, தேடுதல் மீட்பு, கூடவே தெற்கிலிருந்து வரும் ஆய்வாளர்கள் எல்லோரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சங்கத்தின் அடுத்த கூட்டம் எப்போது, அதில் பத்து நிமிடம் கிடைக்குமா என்று கேளுங்கள். கூட்டம் பெரும்பாலும் மாலையில், பெரும்பாலும் இனுக்டிட்டுட் மொழியில் நடக்கும். உங்கள் குரல் மேசை நடுவில் இருக்கும் ஒலிபெருக்கித் தொலைபேசியில் கேட்கும். நீங்கள் இரண்டு வாக்கியம் பேசி நிறுத்த வேண்டும், மொழிபெயர்ப்பாளர் சொல்ல வேண்டும், பிறகு நீண்ட அமைதி. அந்த அமைதியை நிரப்பப் பேசிக்கொண்டே போகாதீர்கள். பெரியவர்கள் யோசிக்கிறார்கள். வாத்துகள் வந்து இறங்கும் வசந்தத்தில், அல்லது வேட்டைக்கு ஏற்ற நல்ல வானிலை அமைந்த நாளில், கூட்டம் தள்ளிப்போகும். அதற்கும் உங்கள் அட்டவணையில் இடம் விடுங்கள்.

கூட்டத்துக்கு முன்பே ஒரே பக்கத்தில் எளிய விளக்கம் எழுதி, இனுக்டிட்டுட்டில் மொழிபெயர்த்து அனுப்புங்கள். மேற்கே கேம்பிரிட்ஜ் பே, குக்லுக்டுக் போன்ற ஊர்களில் இனுயின்னாக்டுன் பேசப்படுகிறது. எது வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மொழிபெயர்ப்புச் செலவு நல்கை கிடைப்பதற்கு முன்பே வந்துவிடும். துறையிடமோ வழிகாட்டிப் பேராசிரியரிடமோ இதற்கென்று ஒரு சிறு தொகையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பக்கத்தில் உங்கள் முடிந்த திட்டம் இருக்கக் கூடாது. எதில் பயிற்சி பெற்றவர், என்ன கருவிகள் உங்களிடம் உண்டு, எவ்வளவு காலம் இருக்கப்போகிறீர்கள் என்று எழுதிவிட்டு, ஊரின் கவலைகள் என்ன என்று கேளுங்கள். காட்டுயிர் மேலாண்மை வாரியம் வட்டாரவாரியாக ஆய்வு முன்னுரிமைகளைப் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. பேசப் போகும்முன் அதைப் படித்திருக்க வேண்டும்.

ஆய்வு முறையையும் இப்போதே பேசிவிட வேண்டும். ஹெலிகாப்டரில் துரத்தி, மயக்க மருந்து செலுத்தி, கழுத்துப் பட்டை மாட்டி ஆராய்வதைப் பனிக்கரடி விஷயத்தில் பல ஊர்களின் வேட்டைக்காரர்கள் பல ஆண்டுகளாக எதிர்த்து வருகிறார்கள். விலங்கை அப்படிக் கையாள்வது அவமதிப்பு என்பது ஒரு காரணம். மருந்தேறிய இறைச்சியை உண்ணலாமா என்ற பயம் இன்னொன்று. இதன் விளைவாகத்தான் பிரதேச அரசின் கணக்கெடுப்புகளில் சதைத் துணுக்கை மட்டும் கவ்வி வரும் சிறு ஈட்டிகளும் வான்வழிக் கணக்கெடுப்பும் இடம்பிடித்தன. நுனாவுட்டின் ஜோ ஹேவன் ஊர் வேட்டைக்காரர்களுடன் குயின்ஸ் பல்கலைக்கழகம் நடத்திய 'பேர்வாட்ச்' திட்டம், கரடியின் கழிவிலிருந்தே மரபணு எடுக்கும் வழியைத் தேடியது. நீங்கள் பட்டை மாட்டும் திட்டத்தை எழுதி, அதற்கு நிதியும் வாங்கி, பிறகு ஊரில் மறுப்பு வந்தால் எல்லாம் வீண்.

பணம் எங்கே இருக்கிறது

கேள்வி உருவான பிறகு, யார் விண்ணப்பிப்பது என்பதைச் சங்கத்துடன் சேர்ந்து முடிவு செய்யுங்கள். புதியவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதே இல்லை. சில நிதிகளுக்குப் பல்கலைக்கழகம் விண்ணப்பிக்க வேண்டும், சிலவற்றுக்கு ஊர் அமைப்பு மட்டுமே விண்ணப்பிக்க முடியும்.

காட்டுயிர் மேலாண்மை வாரியத்திடமே இரண்டு நிதிகள் உண்டு. நுனாவுட் காட்டுயிர் ஆராய்ச்சி அறக்கட்டளை நிதி அரசுத் துறைகளுக்கானது. நுனாவுட் காட்டுயிர் ஆய்வு நிதி, வேட்டைக்காரர் சங்கங்கள் உள்ளிட்ட அரசு சாராதவர்களுக்கானது. உங்கள் திட்டம் சங்கத்தின் திட்டமாகவே இருந்தால் இரண்டாவது கதவு திறக்கும்.

விமானச் செலவுக்கு: கனடிய இயற்கை வளத் துறையின் துருவக் கண்டத்திட்டு திட்டம். 1958 முதல் இயங்குகிறது, நுனாவுட்டின் ரெசல்யூட் ஊரில் அதற்குத் தளம் இருக்கிறது. பெரும்பாலும் பணமாகத் தராமல் விமான நேரம், எரிபொருள், கூடாரம், வானொலி என்று உதவியாகவே தருவார்கள். விண்ணப்பம் இலையுதிர் காலத்தில். ட்வின் ஆட்டர் எனும் சிறு விமானத்தின் வாடகையைச் சொந்தப் பட்ஜெட்டில் போட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த உதவியின் அருமை தெரியும்.

பட்டப்படிப்பு மாணவர்களுக்கு: துருவ அறிவு கனடா நிறுவனத்தின் வட அறிவியல் பயிற்சித் திட்டம். பயணச் செலவுக்கு நல்லது. கனடாக் குடிமக்களுக்கும் நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களுக்குமான திட்டம் இது. மாணவர் விசாவில் வந்திருந்தால் பேராசிரியரின் நல்கை வழியாகத்தான் போக வேண்டியிருக்கும். அதே நிறுவனம் கேம்பிரிட்ஜ் பேயில் உயர் ஆர்க்டிக் ஆய்வு நிலையத்தையும் நடத்துகிறது.

லாவால் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ஆர்க்டிக்நெட் எனும் ஆய்வு வலையமைப்பு பெரிய, பலர் சேர்ந்த திட்டங்களுக்கு. இனுயிட் தலைமையிலான ஆய்வுக்கென்றே அதில் தனிப் பிரிவு உண்டு. அருகிவரும் உயிரினங்களுக்கான பழங்குடியினர் நிதியும், பழங்குடிக் காவலர் திட்டமும் ஒன்றிய அரசுடையவை. இவற்றுக்கு விண்ணப்பிப்பது பழங்குடி அமைப்புகள்தான், நீங்கள் அவர்களுக்குக் கணக்கு, வரைபடம் போட உதவலாம். டபிள்யூ.டபிள்யூ.எஃப். கனடாவிடம் ஆர்க்டிக் உயிரினப் பாதுகாப்புக்கென்று ஒரு நிதி இருக்கிறது. ஆர்க்டிக் இன்ஸ்பிரேஷன் பரிசு இவற்றிலிருந்து வேறுபட்டது: வடக்கு மக்களின் குழுக்களுக்கு, பத்து லட்சம் டாலர் வரை. கடற்பனியின் தடிமனை அளந்து ஊருக்குச் சொல்லும் ஸ்மார்ட்ஐஸ் 2016இல் அதைப் பெற்றது.

இந்தியாவிலிருந்து வர நினைப்பவர்களுக்கு ஒரு சொல். இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் 2008 முதல் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்திலுள்ள நியூ ஆலசுண்டில் இருக்கிறது. கோவாவிலுள்ள தேசியத் துருவ, பெருங்கடல் ஆய்வு மையம் அதை நடத்துகிறது. நல்ல நிலையம். ஆனால் ஸ்வால்பார்டில் பழங்குடி மக்கள் இல்லை. மக்களோடு சேர்ந்து செய்யும் காட்டுயிர் ஆய்வுக்கு அந்த வழி உதவாது. கனடியப் பல்கலைக்கழகக் கூட்டாளி ஒருவர் வேண்டும்.

நாட்காட்டியும் நிதியாண்டும்

கனடிய அரசின் நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. முடிவுகள் பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில் தெரியும். கடற்பனி மேல் வேலை செய்ய ஏற்ற காலமும் ஏப்ரல், மே. பணம் கிடைத்தது என்று கடிதம் வரும் வாரத்தில் நீங்கள் பனியில் நிற்க வேண்டியிருக்கும். கனமான சாமான்கள் கோடைக் கப்பலில்தான் போகும். அதாவது அடுத்த வசந்தத்தில் வேண்டியதை இந்தக் கோடையிலேயே ஏற்றிவிட வேண்டும். ஆகவே முதலாண்டைப் பேச்சுக்கும் பயிற்சிக்கும் சாமான் அனுப்புவதற்கும் என்று எழுதி, களவேலையை இரண்டாம் ஆண்டில் வைத்து, பலவாண்டு நல்கையாகக் கேளுங்கள். ஓராண்டு நல்கை மட்டும் கிடைத்தால் ஊரிலுள்ள கருவிகளையும் ஆட்களையும் நம்பி நடக்கக்கூடிய சின்ன வேலையைச் செய்யுங்கள்.

பட்ஜெட்டை எப்படி எழுதுவது

ஓர் எடுத்துக்காட்டுத் திட்டம்: குளிர்காலத்தில் வேட்டைக்காரர்கள் பிடிக்கும் வளையச் சீல்களிலிருந்து மாதிரிகள் எடுத்து உடல்நலத்தைக் கவனிப்பது. விலங்கைத் தனியாகக் கொல்ல வேண்டியதில்லை, உணவுக்காகப் பிடித்ததுதான்.

வேட்டைக்காரருக்கு ஒரு பை போகும். உள்ளே எண் எழுதிய நீர்புகாச் சீட்டுகள், மூடும் சிறு பைகள், அளவுநாடா, பென்சில். பேனா வைக்காதீர்கள், குளிரில் மை உறைந்துவிடும். தேதி, இடம், ஆணா பெண்ணா, மூக்கிலிருந்து வால்வரை நீளம், மார்பெலும்பின் மேல் கொழுப்பின் தடிமன் ஆகியவற்றைக் குறிப்பார். ஒரு துண்டு கல்லீரல், ஒரு துண்டு தசை, கீழ்த்தாடை. பல்லை மெல்லிய சீவலாக்கிப் பார்த்தால் மர வளையம் போல வயது தெரியும். பைகள் சங்கத்தின் உறைபெட்டியில் சேர்ந்து, விமானச் சரக்கில் தெற்கே வரும்.

இனி இதன் பட்ஜெட் வரிகள். பை ஒன்றுக்கு வேட்டைக்காரருக்குத் தொகை. எவ்வளவு என்பதைச் சங்கம் சொல்லட்டும், நீங்கள் பேரம் பேசாதீர்கள். ஊரில் மாதிரிகளை வாங்கி, சரிபார்த்து, பதிவு செய்யும் ஒருங்கிணைப்பாளரின் சம்பளம்; பகுதிநேரம் என்றாலும் சம்பளமாகவே எழுதுங்கள், அன்பளிப்பு என்று எழுதாதீர்கள். சங்கத்துக்கு நிர்வாகக் கட்டணம், உறைபெட்டி இடத்துக்கு வாடகை. குழு உறுப்பினர்கள் உங்களுக்காகக் கூடும் கூட்டத்துக்கு மதிப்பூதியம். மொழிபெயர்ப்பாளர், எழுத்து மொழிபெயர்ப்பு. நீங்களே பனிக்குப் போவதாயிருந்தால் வழிகாட்டி, கரடிக் காவலர், ஸ்கிடூ, காமுட்டிக் சறுக்குவண்டி, பெட்ரோல், எண்ணெய், செயற்கைக்கோள் தொலைபேசி. இயந்திரம் உடைந்தால் யார் செலவு என்பதையும் ஒரு வரியாகப் போடுங்கள். மொத்தச் சண்டைகளில் பாதி அங்கேதான் தொடங்கும். வானிலையால் விமானம் ரத்தாகிச் சிக்கிக்கொள்ளும் நாட்களுக்குத் தங்கும் செலவு. திரும்பிப் போய் முடிவுகளைச் சொல்வதற்கான இன்னொரு பயணம்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்து பாருங்கள். மொத்தத் தொகையில் எவ்வளவு அந்த ஊருக்குள் தங்குகிறது, எவ்வளவு தெற்கே ஆய்வகத்துக்கும் பல்கலைக்கழக மேல்செலவுக்கும் போகிறது என்று கூட்டுங்கள். ஊருக்கு வருவது பெட்ரோல் காசு மட்டும் என்றால் திருப்பி எழுதுங்கள். இனுயிட் தேசிய அமைப்பான இனுயிட் டபிரிட் கனடாமி 2018இல் வெளியிட்ட ஆய்வு வியூகத்தில், நிதி இனுயிட் மக்களின் முன்னுரிமைகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பது ஒரு தூண். விண்ணப்பங்களை மதிப்பிடுபவர்கள் இப்போது இதைக் கேட்கிறார்கள், கேட்பது நியாயமும்கூட.

பணம் ஊரை எட்டும் வழி

பல்கலைக்கழகம் ரசீது வாங்கி, சரிபார்த்து, மாதங்கள் கழித்துக் காசோலை அனுப்பும். வேட்டைக்காரரோ காலையில் பெட்ரோல் போட்டால்தான் கிளம்ப முடியும். பல ஊர்களில் வங்கிக் கிளையே கிடையாது. இதற்குத் தீர்வு, நல்கை வந்தவுடன் சங்கத்துடன் ஒப்பந்தம் போட்டு முதல் தவணையை முன்பணமாக அதற்கு அனுப்பிவிடுவது. ஊரில் யாருக்கு எப்போது எவ்வளவு என்பதைச் சங்கம் பார்த்துக்கொள்ளும். கெடுக்கள் நெருங்கும்முன்பே உங்கள் பல்கலைக்கழக நிதி அலுவலகத்திடம் இதற்கு ஒப்புதல் வாங்குங்கள். அவர்களுக்கு இது பழக்கமில்லாத நடைமுறையாக இருக்கலாம், பொறுமையாக விளக்க வேண்டும்.

அனுமதிகள்

சுருக்கமாகவே சொல்கிறேன். நுனாவுட்டில் பொதுவான ஆய்வு உரிமத்துக்குத் தலைநகர் இகாலுயிட்டிலுள்ள நுனாவுட் ஆராய்ச்சி நிறுவனத்தை அணுக வேண்டும். நிலவிலங்கு என்றால் பிரதேச அரசின் சுற்றுச்சூழல் துறை அனுமதி. சீல், திமிங்கிலம், மீன் என்றால் ஒன்றிய மீன்வளத் துறை. வலசைப் பறவை என்றால் கனடியக் காட்டுயிர்ச் சேவை. தேசியப் பூங்கா என்றால் பார்க்ஸ் கனடா. இனுயிட் உடைமை நிலத்தில் கால் வைப்பதென்றால் வட்டார இனுயிட் சங்கம். கள முகாம் போன்றவற்றுக்கு நுனாவுட் திட்டமிடல் ஆணையமும், அவர்கள் அனுப்பினால் தாக்க மதிப்பீட்டு வாரியமும் பார்க்கும். பல்கலைக்கழகத்தின் விலங்குப் பராமரிப்புக் குழு தனி. பெரியவர்களிடம் பேட்டி எடுத்தால் மனித ஆய்வு நெறிக் குழுவும் வேண்டும். ஏறக்குறைய எல்லோரும் ஊர்ச் சங்கத்தின் கருத்தைக் கேட்பார்கள், ஆகவே முதல் வேலை சரியாக நடந்திருந்தால் இவை நகரும்.

மாதிரிகள் எல்லை தாண்டுமானால் கவனம். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் பனிக்கரடியும் நார்வாலும் இருக்கின்றன. அமெரிக்க ஆய்வகத்துக்கோ இந்தியாவுக்கோ ஒரு துண்டு தசை அனுப்பவும் அனுமதித் தாள் வேண்டும். முடிந்தவரை கனடாவுக்குள்ளேயே ஆய்வகம் தேடுங்கள்.

தரவு யாருடையது

நிதி ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சில நல்கைகள் எல்லாத் தரவையும் பொதுவெளியில் வைக்கச் சொல்லும். ஆனால் நார்வால் எங்கே கூடுகிறது, கரடி எங்கே குகை தோண்டுகிறது என்பதை ஊர் வெளியில் சொல்ல விரும்பாமல் இருக்கலாம். அந்த விவரம் சுரங்க நிறுவனத்துக்கோ சுற்றுலாக் கப்பலுக்கோ போய்ச் சேரக் கூடாது என்று அவர்கள் நினைப்பதற்குக் காரணம் உண்டு. துல்லிய இடக்குறிப்பை மறைத்து வெளியிடலாமா என்று நிதியளிப்பவரிடம் முன்பே கேட்டால் பெரும்பாலும் வழி கிடைக்கும். கையெழுத்துக்குப் பிறகு கேட்டால் சிக்கல்.

நுனாவுட்டின் சானிகிலுவாக் ஊர் மக்களோடு வளர்ந்த ஆர்க்டிக் ஈடர் சொசைட்டியின் சீகு செயலி இதற்கு ஒரு நல்ல வழி. வேட்டைக்காரர் தாம் பார்த்ததைப் பதிவு செய்வார், அதை யார் பார்க்கலாம் என்பதையும் அவரே தீர்மானிப்பார். ஒரு திட்டத்துக்கு இந்தச் செயலியைப் பயன்படுத்துவதென்றால் தொலைபேசிகளுக்கும் இணையக் கட்டணத்துக்கும் பட்ஜெட்டில் வரி போடுங்கள்.

ஆய்வுக் கட்டுரையில் பெயர்கள் யாருடையவை என்பதும் இந்த ஒப்பந்தத்தில் வர வேண்டும். சங்கத்தின் பெயரை நன்றியுரையில் மட்டும் போட்டுவிட்டுப் போகும் காலம் முடிந்துகொண்டிருக்கிறது.

முடிவுகளைத் திருப்பிக் கொடுப்பது

பல நிதிகள் கடைசித் தவணையை இறுதி அறிக்கை வந்த பிறகே தரும். ஊருக்குச் செலுத்த வேண்டிய தொகை அந்தத் தவணையில் சிக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தின் பங்கு காத்திருக்கட்டும்.

முடிவுகளை முதலில் கேட்க வேண்டியவர்கள் சங்கத்தார். அச்சுக்கு அனுப்பும்முன் வரைவைக் காட்டுங்கள், எண்களுக்கு நீங்கள் கொடுத்த விளக்கம் அவர்கள் கண்டதோடு பொருந்துகிறதா என்று கேளுங்கள். பொருந்தவில்லை என்றால் அதையும் கட்டுரையில் எழுதுங்கள். பிறகு இனுக்டிட்டுட்டில் இரண்டு பக்கச் சுருக்கம், உள்ளூர் வானொலியில் ஒரு பேச்சு, பள்ளியில் ஒரு வகுப்பு. ஈயம், பாதரசம் போன்ற நச்சுகள் மாதிரியில் தெரியவந்தால் மட்டும் வேறு முறை: வானொலிக்குப் போகும்முன் பிரதேசச் சுகாதாரத் துறையுடனும் சங்கத்துடனும் உட்கார்ந்து, எதைத் தின்னலாம், எவ்வளவு தின்னலாம் என்ற பதிலோடு போங்கள். சீல் அந்த ஊரின் அன்றாட உணவு. கடையில் வரும் இறைச்சி விலை அதிகம். அரைகுறையாகச் சொன்ன ஒரு வாக்கியம் குழந்தைகளின் தட்டிலிருந்து நல்ல உணவை எடுத்துவிடும்.

அடுத்த நல்கைக்கான கேள்வி அந்தக் கூட்டத்திலேயே எழும். குறிப்பேட்டையும் நிதிக் கெடுத் தேதிகளையும் கையோடு கொண்டுபோங்கள்.